வாசலைச் சுற்றிப் போனவர்

"துப்பறியறவங்களுக்கு சனிக்கிழமை லீவுன்னு ஒரு சட்டம் வரணும் மேடம்," என்றான் டெல்மர் க்வின், காரை விட்டு இறங்கி மூக்கை உறிஞ்சியபடி.

மூக்கை உறிஞ்சியது குளிருக்காக அல்ல. மைதானம் முழுக்கக் கார் டிக்கிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆல்டர்ஹர்ஸ்ட் கல்லூரியின் பழைய மாணவர்கள் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் வந்து கூடுவார்கள். மேட்ச் சும்மா சாக்கு. யாருக்கு முடி கொட்டியிருக்கிறது, யாருக்குத் தொப்பை விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவதுதான் நிஜமான விளையாட்டு.

"சட்டம் வரட்டும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு நட," என்றார் ஐடா ப்ராக்டர்.

ஐடாவுக்கு அறுபது வயது. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கிற வேலை பார்த்தவர். கழுத்து திரும்பவில்லை என்று அழுதுகொண்டு வருகிறவனைத் தெருவில் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார். சடாரென்று திரும்பினான் என்றால் கேஸ் முடிந்தது. பூதக்கண்ணாடி, கைரேகைப் பொடி எதுவும் அவரிடம் கிடையாது. கைப்பையில் தலைவலி மாத்திரையும் பெப்பர்மின்ட்டும்தான் இருக்கும்.

டெல்மர் அவருடைய உதவியாளன். மூன்று கல்லூரிகளில் சேர்ந்து நான்கு கல்லூரிகளிலிருந்து வெளியே வந்தவன். அது எப்படி என்று கேட்டால், "இந்தக் கணக்கு தெரியாமத்தான் வெளிய அனுப்பினாங்க," என்பான்.

மைதானத்துக்கு நேர் எதிரே கல்லூரியின் பெரிய வாசல். செங்கல் தூண்கள், இரும்பு வளைவு, அதன் மேல் லத்தீனில் ஏதோ எழுத்து. தொப்பியைத் தூக்கிக் காட்டியபடி பழைய மாணவர்கள் அதன் வழியாக நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார்கள். ஆனால் இப்போது படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் வாசல் வரைக்கும் வந்துவிட்டு இடது பக்கம் திரும்பி, புதரை ஒட்டிய சேற்றுப் பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

டெல்மர் ஒரு பெண்ணை நிறுத்தினான். "ஏம்மா, இவ்வளவு பெரிய வாசலை விட்டுட்டு எல்லாரும் ஏன் சேத்துல போறீங்க?"

"நீங்க ஊருக்குப் புதுசா? படிக்கறப்போ இது வழியா போனா டிகிரி கிடைக்காது. பட்டம் வாங்கற அன்னைக்குத்தான் இது வழியா வெளிய வருவோம். அதுக்கப்புறம் எத்தனை தடவ வேணா போலாம்." சொல்லிவிட்டுச் சேற்றில் தாவிப் போய்விட்டாள்.

"இவங்கதான் நாட்டோட எதிர்கால விஞ்ஞானிகள் மேடம்," என்றான் டெல்மர்.

வாசலுக்கு உள்ளே கொஞ்சம் தள்ளி ஒரு கல் பெஞ்ச். அதில் 'பெல்நாப் குடும்பத்தின் அன்பளிப்பு' என்று பித்தளையில் பொறித்திருந்தது. கேஸ் கொடுத்தவர் வரச் சொன்ன இடம் அதுதான். பெஞ்சில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஆப்பிள் டோனட் தின்றுகொண்டிருந்தாள்.

"ஐடா ப்ராக்டரா? நான் ஃபீபி பெல்நாப். அப்பா வந்துக்கிட்டே இருக்காரு. காரை நிறுத்திட்டு வாசல் பக்கமா வராம எப்பவும் ஊரைச் சுத்தித்தான் வருவாரு. பழக்கமாம்."

அவள் சொல்லி முடிக்கவும் புதருக்குள்ளிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். வாரன் பெல்நாப். ஐம்பது வயது, ஆரஞ்சும் பழுப்பும் கோடு போட்ட கோட்டு, சட்டைப்பையில் '94 என்று தொண்ணூற்று நான்காம் வருஷ பேட்ச் அட்டை. கோட்டு பளபளவென்றிருந்தது. ஷூவில் கணுக்கால் வரைக்கும் சேறு.

ஐடா ஷூவைப் பார்த்தார்.

"அப்பா, நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் தொழுவத்துல ஏதாவது சாப்பிட்டுட்டு வரேன்," என்று ஃபீபி எழுந்து போனாள்.

"தொழுவமா?" என்றான் டெல்மர் திகிலுடன்.

"எங்க காலத்து டைனிங் ஹால். பழைய குதிரைத் தொழுவத்துல இருந்ததால அந்தப் பேரு. வீட்ல நான் பேசிப் பேசி அவளுக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு," என்றார் வாரன், கொஞ்சம் பெருமையாகவே. பெண்ணின் தலை மறைந்ததும் அவர் முகத்திலிருந்த பெருமையும் மறைந்தது. "மேடம், நீங்கதான் காப்பாத்தணும். என் பொண்ணு வாழ்க்கையே போகப்போகுது."

விஷயம் இதுதான். ஃபீபி இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்கு இடம் கிடைக்கிற கல்லூரி. அந்த விண்ணப்பத்தில் 'பெற்றோரில் ஒருவர் இங்கே பட்டம் பெற்றவரா' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் பிள்ளை வாரிசு. வாரிசுகளுக்கு அந்தக் கல்லூரியில் ஒரு தனிக் கண். தாத்தா, கொள்ளுத்தாத்தா, பெஞ்ச் எல்லாம் கணக்கில் வராது. அப்பா அல்லது அம்மா மட்டும்தான். டிக்கை வாரனே தன் கையால் போட்டிருந்தார்.

நேற்று அட்மிஷன் ஆபீஸிலிருந்து மிஸ் ட்ரெம்ப்லே போன் செய்திருக்கிறாள். யாரோ அவர்கள் போன் மெஷினில் ஒரு தகவல் சொல்லி வைத்திருக்கிறார்களாம். திங்கட்கிழமை காலையில் பழைய ரெகார்டை எடுத்துப் பார்ப்பார்களாம். விண்ணப்பத்தில் பொய் இருந்தால் ஃபீபியின் பெயரை அடித்துவிடுவார்கள், அவள் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும்.

"எவன் சொன்னான்னு கண்டுபிடிங்க. திங்கக்கிழமைக்குள்ள அவனே போன் போட்டு, 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்'னு சொல்லணும்."

"ஒரு சின்ன சந்தேகம் சார்," என்றான் டெல்மர். "நீங்க இங்கதான படிச்சீங்க? ரெகார்டைப் பாத்தா பாத்துட்டுப் போறாங்க. உங்களுக்கு நல்லதுதான?"

வாரனின் காது சிவந்தது. "தம்பி, நாலு தலைமுறை பெல்நாப் இங்க படிச்சிருக்கோம்! எங்க ரெகார்டை எடுத்து சந்தேகமா ஒருத்தர் பாக்கறதா? மானம் என்ன ஆகறது?"

"மானம் முக்கியம்தான்," என்றார் ஐடா, ஷூவை மறுபடி பார்த்தபடி. "அந்தத் தகவலைக் கேக்கலாமா?"

வாரன் போனை எடுத்து அழுத்தினார். மிஸ் ட்ரெம்ப்லே போட்டுக் காட்டியபோது பதிவு செய்துகொண்டாராம். ஜலதோஷம் பிடித்த கரடி பேசுவது போல ஒரு குரல்.

"வாரன் பெல்நாப் உங்க காலேஜ்ல படிக்கவே இல்ல. தொழுவத்துல ஒரு வேளை கூட சாப்பிட்டதில்ல. அந்தப் பொண்ணு விண்ணப்பத்துல இருக்கற டிக் பொய். அந்த டிக்கை எடுத்துடுங்க."

"பாத்தீங்களா? 'தொழுவம்'ங்கறான்!" வாரன் துள்ளினார். "அந்தக் கட்டடத்தை எப்பவோ இடிச்சுட்டாங்க. அங்க இப்ப கண்ணாடியில ஒரு ஹால் இருக்கு, பசங்க அதை 'மீன்தொட்டி'ங்கறாங்க. தொழுவம்னு சொல்றவன் எங்க பேட்ச்காரன்தான். யாருன்னுகூட எனக்குத் தெரியும். சக் ரெம்சன்! என் ரூம்மேட். போன வருஷம் அவன் பையனுக்கு இடம் கிடைக்கல, வாரிசா இருந்தும். அன்னையிலேர்ந்து என்னைப் பாத்தா பச்சமிளகாயைக் கடிச்ச மாதிரி சிரிக்கிறான்."

"சரி, அவரைப் பாத்துட்டு வரோம். நீங்க இங்கயே இருங்க," என்றார் ஐடா.

நடக்கும்போது டெல்மர் சொன்னான்: "கேஸ் முடிஞ்சுது மேடம். பொறாமை, பழைய ரூம்மேட், பச்சமிளகாய். மதிய சாப்பாட்டுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

"அந்தக் குரல் கடைசியா என்ன கேட்டுச்சு?"

"டிக்கை எடுக்கச் சொல்லிச்சு."

"எதிரியா இருந்தா என்ன கேப்பான்?"

டெல்மர் யோசித்தான். "விண்ணப்பத்தையே கிழிச்சுப் போடச் சொல்லுவான்."

"இந்த ஆளு டிக்கை மட்டும் எடுக்கச் சொல்றாங்க. எந்த எதிரி இவ்வளவு சிக்கனமா இருப்பான்?" ஐடா ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டார். டெல்மருக்குக் கொடுக்கவில்லை.

சக் ரெம்சன் தன் காருக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தார். ஆள் பீரோ மாதிரி இருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் டெல்மரின் மதிய சாப்பாட்டுக் கனவு கலைந்தது. அவருடைய குரல் புல்லாங்குழல். கரடிக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

"வாங்க வாங்க! எந்த பேட்ச்?"

"நாங்க வாரன் பெல்நாப்போட விருந்தாளிங்க," என்றார் ஐடா. "உங்க காலத்துக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரு. அப்பல்லாம் தொழுவத்துலதான் சாப்பிடுவீங்களாமே?"

சக்கின் கையிலிருந்த இடுக்கி நின்றுவிட்டது. "என்னது? சாப்பிடறதா? தொழுவத்துலயா?"

"ஏன், தப்பா?"

"வாரனா அப்படிச் சொன்னான்? சொல்லியிருக்கவே மாட்டான்! தொழுவத்துல யாராவது சாப்பிடுவாங்களா? மேயுவாங்க! 'மேயப் போறேன்', 'மேய்ஞ்சுட்டு வந்தேன்', 'நேத்து மேய்ச்சல் சரியில்ல.' புதுசா வந்த பையன் எவனாவது வாய் தவறி 'சாப்பிட்டேன்'னு சொன்னா அவ்வளவுதான். நாற்காலி மேல ஏத்திவிட்டு, ஹால் முழுக்கக் கேக்கற மாதிரி 'ம்மா'ன்னு கத்த வெப்போம். எங்க பேட்ச்ல ஒருத்தன் இப்ப நீதிபதி. அவன்கூட வீட்ல பொண்டாட்டிகிட்ட 'மேயலாமா?'ன்னுதான் கேக்கறான்."

"அப்போ கோவத்துல திட்டும்போதுகூட 'சாப்பிட்டதில்ல'ன்னு வராதா?"

"செத்தாலும் வராது மேடம். 'ஒரு வேளை மேய்ஞ்சதில்ல'ன்னுதான் வரும்."

டெல்மர் ஐடாவைப் பார்த்தான். ஐடா சாசேஜைப் பார்த்தார். சக் அவசரமாக இரண்டு தட்டில் வைத்துக் கொடுத்தார்.

"பையனுக்கு இடம் கிடைக்கலைன்னு கேள்விப்பட்டோம்," என்றான் டெல்மர் வாயை நிரப்பிக்கொண்டு. இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

சக் சிரித்தார். பச்சமிளகாய் இல்லை, நிஜமான சிரிப்பு. "அப்ப ஒரு மாசம் எனக்குத் தூக்கமே வரல. இப்ப பாருங்க, வெர்மான்ட்ல ஒரு பண்ணையில சீஸ் பண்ணக் கத்துக்கிட்டிருக்கான். என்னைவிட சந்தோஷமா இருக்கான் ராஸ்கல். ஃபீபிக்குக் கிடைச்சா முதல்ல கை தட்டறவன் நான்தான். கெட்டிக்காரப் பொண்ணு."

குளத்துப் பக்கமிருந்து ஒரு ஊதல் சத்தம் கேட்டது. யாரோ, "தொண்ணூத்தி நாலு! படகுக்கு ஒரு ஆள் குறையுது!" என்று கத்தினார்கள்.

"மிஸ்டர் பெல்நாப்பைக் கூப்பிடலாமே," என்றார் ஐடா.

"அவனா? தண்ணியைப் பாத்தாலே அவனுக்குக் காது வலிக்கும். எங்க காலேஜ்ல நீச்சல்குளத்தை நாலு நீளம் நீந்திக் காட்டாம யாருக்கும் டிகிரி கிடையாது. என்ன கிரேடு வாங்கினாலும் சரி. நாலு வருஷமும் அந்த டெஸ்ட் அன்னைக்கெல்லாம் அவனுக்குக் காதுவலி."

"அப்புறம் எப்ப முடிச்சாரு?"

"எப்பவோ முடிச்சிருப்பான். நான் பாக்கல."

"பட்டம் வாங்கற அன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாசல் வழியா நடந்தீங்களா?"

"அதான் இல்ல. பாவம், அன்னைக்கு அவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. மூஞ்சியெல்லாம் சிவப்புப் புள்ளி. ரூம்லயே படுத்துக்கிட்டான்."

"காது, அம்மை..." டெல்மர் தலையை ஆட்டினான். "அந்த மனுஷனுக்கு இந்தக் காலேஜ் தண்ணியே ஒத்துக்கல போல."

"சரியாச் சொன்ன," என்றார் ஐடா. டெல்மர் திகைத்துப் போனான். மூன்று வருஷத்தில் அவர் அவனைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. எதற்கென்றுதான் புரியவில்லை.

மீன்தொட்டி என்று பெயர் வாங்கிய கண்ணாடி ஹாலில் ஒரு மூலையில் ஃபீபி சூப்பைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடிக்கவில்லை. ஐடா எதிரே உட்கார்ந்தார்.

"ஸ்கூல்ல நாடகம் போடுவியாம்மா?"

"போன வருஷம் போட்டேன். கப்பல் கேப்டன் வேஷம். ஏன்?"

"குரல் நல்லா இருந்துச்சு. கொஞ்சம் ஜலதோஷம்தான் ஜாஸ்தி."

ஃபீபியின் ஸ்பூன் சூப்பில் விழுந்தது. மேலே தெறித்ததைத் துடைத்துக்கொண்டே டெல்மர், "ஆனா மேயறதுக்குப் பதிலா சாப்பிட்டுட்டம்மா," என்றான். சக் சொன்னதையும், டிக் பொய்யென்றால் அவள் பெயரையே அடித்துவிடுவார்கள் என்பதையும் அவனே விலாவாரியாகச் சொன்னான். தொழுவம் என்ற வார்த்தை தெரிந்தவர், ஆனால் அங்கே ஒரு நாளும் இல்லாதவர், கதையாகக் கேட்டே வளர்ந்தவர். அப்படி ஒருத்தி காலையில் அவர்கள் காதுபடவே தொழுவத்துக்குச் சாப்பிடக் கிளம்பினாள். டிக் போனால் போதும், விண்ணப்பம் போகக்கூடாது என்று நினைக்கிறவளும் அதே ஒருத்திதான்.

ஃபீபி மறுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, அதை விழுங்கிக்கொண்டு கோபமாக்கினாள்.

"என்ன பண்ணச் சொல்றீங்க? ஸ்கூல்ல ஒருத்தர் விடாம அதையேதான் சொல்றாங்க. 'உனக்கென்னடி, வாரிசு கோட்டா. நீ எக்ஸாமே எழுத வேண்டாம், உங்க பெஞ்ச் போய் எழுதும்.' நான் ராத்திரி பகலா படிச்சேன். எனக்கு இந்தக் காலேஜ் வேணும். ரொம்ப வேணும். ஆனா உள்ள வந்தப்புறம் நாலு வருஷமும் 'நான் என்னால வந்தேனா, அப்பாவால வந்தேனா'ன்னு யோசிச்சுக்கிட்டே இருக்க முடியாது. டிக் போடாதீங்கன்னு அப்பாகிட்ட கெஞ்சினேன். 'பெல்நாப் டிக்'னு சொல்லிச் சிரிச்சுட்டு அவரே போட்டுட்டாரு."

"அதனால அவர் படிக்கவே இல்லைன்னு ஒரு பொய்."

"டிக்கை எடுத்துடுவாங்க, அதோட முடிஞ்சிடும்னு நினைச்சேன். என் பேரையே அடிப்பாங்கன்னு சத்தியமா தெரியாது. ஆனா ரெகார்டைப் பாத்தா அவர் படிச்சது தெரிஞ்சிடும்ல? அப்ப ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஐடா ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பொய் சொல்றப்ப கொஞ்சம் பாத்துச் சொல்லணும்மா. சில சமயம் அது உண்மையாயிருக்கும்."

ஐடா போட்ட திட்டம் சாதாரணமானது. டெல்மர் பெஞ்சுக்குப் போய், "ஆளைப் புடிச்சாச்சு சார், வாசலுக்கு வெளிய நிக்க வெச்சிருக்கோம், சீக்கிரம்!" என்று கத்தினான். வாரன் எழுந்து ஓடி வந்தார். வாசலுக்கு வெளியே, சாலை ஓரத்தில் ஐடா நின்றார். பக்கத்தில் ஃபீபி. அவளை மறைத்துக்கொண்டு சக், கையில் இன்னும் இடுக்கியோடு. சக்கைப் பார்த்ததும் வாரனுக்கு ரத்தம் கொதித்தது.

"டேய் சக்! எனக்குத் தெரியும்டா நீதான்னு! இருடா வரேன்!"

புயல் மாதிரி வந்தார். இரும்பு வளைவுக்கு ஒரு அடி முன்னால் சுவரில் மோதினவர் போல நின்றார். ஒரு கால் மேலே எழும்பியது. காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்லக் கீழே, புறப்பட்ட இடத்திலேயே இறங்கியது.

"இருடா... நான் அப்படிச் சுத்திக்கிட்டு வரேன்."

"இது வழியா வாங்க மிஸ்டர் பெல்நாப்," என்றார் ஐடா. "பத்தடிகூட இல்ல."

"இல்ல, பரவால்ல, அந்தப் பக்கம்தான் எனக்கு..."

"பட்டம் வாங்கினவங்க எத்தனை தடவ வேணும்னாலும் போலாமாம். காலையில உங்க பேட்ச்ல எல்லாரும் இது வழியாதான் வந்தாங்க. அத்தனை பேர் ஷூவும் சுத்தமா இருக்கு. உங்க ஷூ மட்டும் சேறு."

வாரன் குனிந்து ஷூவைப் பார்த்தார். சக் பார்த்தார். சாசேஜ் தட்டோடு வேடிக்கை பார்க்க நின்ற நாலைந்து கோடு போட்ட கோட்டுகளும் பார்த்தன.

"நீங்க இன்னும் இங்க படிச்சுக்கிட்டிருக்கீங்க மிஸ்டர் பெல்நாப்," என்றார் ஐடா. குரலில் கேலி இல்லை. "நாலு நீளம் பாக்கி."

வாரனின் தோள் இறங்கியது. முப்பது வருஷமாக அந்தக் கோட்டு தூக்கிப் பிடித்திருந்த தோள்.

"எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணேன்," என்றார் கடைசியில். "எல்லாத்தையும். தண்ணிதான்... சின்ன வயசுல ஒரு தடவ ஏரியில மூழ்கப் பாத்தேன். அதுக்கப்புறம் தொட்டியில குளிக்கக்கூட பயம். வெளிய சொல்ல வெக்கம். அடுத்த வருஷம் முடிச்சுடலாம், அடுத்த வருஷம் முடிச்சுடலாம்னு... எங்க அப்பா சாகற வரைக்கும் அவர்கிட்ட சொல்லல. காலேஜ்காரங்க வருஷாவருஷம் நன்கொடை கேட்டு எழுதினாங்க, இந்த அட்டையைக் குடுத்தாங்க. அவங்களே நம்பறப்போ நானும் நம்பிட்டேன்."

"நன்கொடை கேக்கற ஆபீஸுக்கு டிகிரி எதுக்கு சார்? செக் பாஸானா போதும்," என்றான் டெல்மர்.

சக்கின் புல்லாங்குழல் நடுங்கியது. "டேய் வாரன்... அப்போ அந்த அம்மை?"

"சிவப்பு ஸ்கெட்ச் பேனா."

"அடப்பாவி! நான் உனக்கு மூணு நாள் ஓட்ஸ் கஞ்சி ஊட்டினேனேடா!"

யாரோ சிரித்தார்கள். வாரன் சிரிக்கவில்லை. அவர் சக்கின் முதுகுக்குப் பின்னால் தெரிந்த ஃபீபியைப் பார்த்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதி விஷயமும் அவருக்குப் புரிந்தது.

"நீயா போன் பண்ண?"

"நான் பொய்தான் சொன்னேன்பா," என்றாள் ஃபீபி. அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எனக்கு எப்படித் தெரியும் நீங்க அதை உண்மையாக்கி வெச்சிருப்பீங்கன்னு!"

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம்," என்று டெல்மர் ஐடாவின் காதில் சொன்னான். "அதுக்கு ஆளைக் காசு குடுத்து வெளியூர்லேர்ந்து வரவழைச்சதை இப்பத்தான் பாக்கறேன்."

வாரன் பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருந்தால் ரெகார்ட் தானே பேசிவிடும், பேசினால் அவள் பெயர் போய்விடும். அதற்கு முன்னால் யார் போய்ப் பேசவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. மைதானத்திலிருந்த பாதிப் பேர் காதில் விழும், இரவுக்குள் மீதிப் பேருக்கும் போய்விடும். நான்கு தலைமுறை மானம் அன்றோடு கப்பலேறும்.

"மிஸ் ட்ரெம்ப்லே எங்க இருக்கா?" என்று கேட்டார்.

"டோனட் கூடாரத்துல," என்றார் சக். "டேய், நில்லுடா, யோசிச்சு..."

வாரன் நிற்கவில்லை. திரும்பிக் கல்லூரிக்குள் ஓடினார். பின்னால் ஃபீபி வாசல் வழியாக ஓடினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஓடினார்கள்.

மிஸ் ட்ரெம்ப்லே மூக்குக் கண்ணாடி போட்ட சின்னப் பெண்மணி. ஒரு கையில் ஆப்பிள் ஜூஸ், மறு கையில் டோனட். ஒரு ஐம்பது வயது ஆள் மூச்சிரைக்க வந்து, "நான் உங்க பட்டதாரி இல்ல, நான் போட்டது பொய் டிக், என் பொண்ணுக்கு இது தெரியாது, எனக்கு நீந்த வராது!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஒரே மூச்சில் கத்தினால் யாருக்குத்தான் புரை ஏறாது? அவள் இருமி முடிக்கும்வரை காத்திருந்து, வாரன் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை மெதுவாக. ஃபீபி வந்து, போன் செய்தது தான் என்று அவள் பங்கைச் சொன்னாள்.

"விண்ணப்பங்களை இன்னும் யாரும் படிக்க ஆரம்பிக்கல," என்றாள் மிஸ் ட்ரெம்ப்லே. "அதுக்கு முன்னால நீங்களே வந்து சொல்லிட்டீங்க. டிக்கை எடுத்துடறேன். அதோட சரி. ஆனா ஒண்ணு, மிஸ்டர் பெல்நாப். இனிமே அந்தக் குவியல்ல உங்க பொண்ணு வெறும் ஃபீபிதான். கிடைக்கலாம், கிடைக்காம போகலாம். என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"அதுதான் எனக்கு வேணும்," என்றாள் ஃபீபி. சொல்லும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. வேண்டியது கையில் கிடைக்கும்போது பயமும் கூடவே வரும்போலிருக்கிறது.

"அப்புறம், நீச்சல் பாக்கி வெச்சவங்களுக்குக் கெடு எதுவும் கிடையாது," என்று மிஸ் ட்ரெம்ப்லே டோனட்டைக் கடித்தாள். "நாளைக்கே வந்து நீந்தினாலும் டிகிரி உண்டு."

வாரனின் கண் விரிந்தது. "நாளைக்கேவா? அப்போ திங்கக்கிழமைக்குள்ள நான் பட்டதாரி! அப்ப டிக்..."

"அப்பா!" ஃபீபி அவர் கோட்டுக் காலரைப் பிடித்தாள். "முடிவு வர்ற வரைக்கும் தண்ணி பக்கம் போனீங்கன்னா உங்க காலை ஒடிப்பேன். குளிக்கறதா இருந்தாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான்!"

"சரிம்மா, சரி. முடிவு வந்தப்புறம்?"

"இடம் கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, நானே கத்துத் தரேன்."

சக் இடுக்கியை ஆட்டினார். "கரையில நான் நிப்பேன். மூழ்கினா இதால புடிச்சு இழுத்துடறேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு கடன் இருக்கு. நாற்காலி கொண்டாங்கடா! இந்தப் பொண்ணு தொழுவத்துல சாப்பிட்டிருக்கா!"

ஃபீபி நாற்காலி மேல் ஏறினாள். கப்பல் கேப்டனின் குரலில், ஜலதோஷம் பிடித்த கரடி மாட்டுக்கு வேஷம் போட்டது போல, கூடாரமே அதிர "ம்மா" என்று கத்தினாள். தொண்ணூற்று நான்கு பேட்ச் முழுவதும் கை தட்டியது. முதலில் தட்டியது சக்.

சாயங்காலம் மேட்ச் முடிந்தது. ஆல்டர்ஹர்ஸ்ட் வழக்கம்போலத் தோற்றது, யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. எல்லாரும் கார்களுக்குத் திரும்பினார்கள். ஐடாவும் டெல்மரும் வாசலுக்குப் பக்கத்தில் வரும்போது முன்னால் பெல்நாப் அப்பாவும் பெண்ணும் போய்க்கொண்டிருந்தார்கள். காலையில் சர்வ சாதாரணமாக அந்த வாசல் வழியாக உள்ளே வந்த ஃபீபி, ஏதோ பேசிக்கொண்டே அதே பக்கம் நேராக நடந்தாள்.

வாரன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். "கூடாது! இங்க படிக்கப்போறவ இது வழியா போகக்கூடாது."

"இன்னும் என்னை எடுக்கவே இல்லையேப்பா. இப்ப டிக்கும் இல்ல."

"எடுப்பாங்க," என்றார் வாரன். "உன்னை எடுக்காம வேற யாரை எடுப்பாங்க?"

ஃபீபி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் இடது பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கிப் புதரைச் சுற்றிப் போனார்கள்.

ஐடா வாசல் வழியாக வெளியே வந்து திரும்பிப் பார்த்தார். டெல்மரைக் காணவில்லை. அவனும் சேற்றில் இறங்கியிருந்தான்.

"உனக்கென்னடா வந்துச்சு?"

"நாலு காலேஜ் பாக்கி இருக்கு மேடம்," என்றான் டெல்மர், ஒரு ஷூவைச் சேற்றிலிருந்து பிடுங்கியபடி. "எதுக்கு வம்பு?"